நாலாவது கருத்து

அம்பிட்டியவில், பஸ் திரும்பும் வளைவுக்குக் கீழே இறங்கும் ஒழுங்கையில், ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக இரண்டு வீடுகள். மேல் வீடு விவேகானந்தன் மாஸ்டருடையது. கீழ் வீடு றலியாவுடையது. மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ் வீட்டு முற்றத்துக்கு இறங்கும். கீழ் வீட்டு உலக்கைச் சத்தம் மேல் வீட்டுப் படுக்கையறைக்கு ஏறும். இதைத் தவிர இரண்டு வீட்டுக்கும் வேறு போக்குவரத்து இல்லை.

உலக்கை விஷயத்தில் முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு கொச்சிக்காய், அதாவது மிளகாய், இடிக்கத் தொடங்குவது றலியாவின் பிழைப்பு. கொச்சிக்காய், மல்லி, வறுத்த அரிசி எல்லாவற்றையும் இடித்துச் சலித்து, கால் றாத்தல், அரை றாத்தல் என்று பைகளில் கட்டிக் கடைகளுக்குக் கொடுப்பாள். ஊரெல்லாம் கிலோவுக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. றலியா மட்டும் இன்னும் றாத்தலை விடவில்லை. மாஸ்டர் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார், சுவரில் தட்டிப் பார்த்தார், கடைசியில் பொலிசுக்குப் போனார். வந்த பொலிஸ்காரர் உரலைச் சுற்றி ஒரு நடை நடந்தார், தும்மினார், அரை றாத்தல் தூள் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து றலியா சற்று ஓங்கியே இடித்தாள். அதையும் நியாயம் என்று சொல்ல வரவில்லை. ஓங்கி இடித்தாள், அவ்வளவுதான்.

அவளுடைய உலக்கை நீளமென்றால் வாய் அதைவிட நீளம். வாயை அடக்கத் தெரியாத குறைக்கு ஈடாக அவளுக்கு வாயே இல்லாத ஒரு கணவன் வாய்த்திருந்தார். ஸெய்னுலாப்தீன், கண்டியில் ஒரு துணிக்கடையில் கணக்கப்பிள்ளை. அவர் வீட்டில் கடைசியாக எப்போது குரலை உயர்த்தினார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. ஒரே மகள் ஸுமைரா. பிள்ளை தங்கம். படித்தவள், பார்க்கவும் லட்சணமானவள், தகப்பனைப் போல் சாந்தமானவள். அப்படியிருந்தும் அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்களும் முறிந்துபோயின. முதலாவது வந்தபோது, மாப்பிள்ளையின் மாமி ஒருத்தியிடம் “பல்லு செட்டுக் கட்டினதா, எங்க கட்டினீங்க, நல்லா பொருந்தல்லயே” என்று றலியா விசாரித்துவிட்டாள். இரண்டாவதில் நடந்ததை அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இப்போது வந்திருப்பது மூன்றாவது. ஸிபான், வங்கியில் வேலை. கணினி வகுப்பொன்றில் ஸுமைராவைக் கண்டு, தாயோடு மல்லுக்கட்டித் தானே கேட்டு வந்தவன். ஸுமைராவுக்கும் அவன் என்றால் உயிர். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் ஃபோன் சிணுங்கும்போது அவள் முகம் சொல்லிவிடும். இந்தத் தடவையும் முறிந்தால் அந்தப் பிள்ளை எழுந்திருக்க மாட்டாள் என்பது றலியாவுக்குத் தெரியும். தெரிந்து பயந்துகொண்டும் இருந்தாள்.

பயத்துக்குக் காரணம் ஸிபானின் தாய் கைரியா. கட்டுகஸ்தோட்டையில் பெரிய பலசரக்கு மொத்தக் கடை. தராசில்லாமல் கண்ணாலேயே எதையும் நிறுத்துவிடும் மனுஷி. பெண் பார்க்க வந்த அன்று ஸுமைராவை நிறுத்தாள், காதிலும் கழுத்திலும் கிடந்த பவுண்களை நிறுத்தாள், கதிரைகளை நிறுத்தாள். முற்றத்தில் கட்டியிருந்த ஆட்டையும் விட்டுவைக்கவில்லை. நேரே போய் அதன் முதுகில் நறுக்கென்று கிள்ளிப் பார்த்தாள். லண்டனிலிருந்து தம்பி நஸீப் பெருநாளுக்கென்று அனுப்பிய பவுண்ட் காசில், உடுப்பு வேண்டாம் என்று றலியா வாங்கி வளர்த்த கிடாய் அது.

“எறச்சி பத்துப் பதினஞ்சி றாத்தலுக்கு மேல தேறாது” என்றாள் கைரியா. “கலியாணம் பேசி முடிக்க வாறண்டைக்கு எங்கட பக்கம் மட்டும் மூனு சஹன் ஆக்கள் வருவாங்க. எனக்கு டொக்டர் மாட்டெறச்சி வேணாம் என்டு செல்லி ஈக்காரு. புரொய்லர் கோழி நான் கண்ணாலயும் பாக்கிறல்ல. ஆட்ட நல்லாத் தீன் போட்டு வளருங்க.”

சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது. மூன்று சஹனுக்கு இந்த ஆடு காணாது என்று சம்பந்திக்காரி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனது றலியாவை அரித்துக்கொண்டே இருந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கொடுத்திருப்பாள். மகளுக்காக விழுங்கினாள். விழுங்கியதைச் செரிக்க வழி தேடினாள். வழி மேலேயே இருந்தது. மாஸ்டர் வீட்டு வேலியோரம் பூசைக்கென்று வளர்த்த செவ்வரத்தைப் பூச்செடிகள், பச்சைப் பசேலென்று. ஆட்டுக் கயிற்றை றலியா ஒரு முழம் நீட்டிக் கட்டினாள். பிறகு இன்னொரு முழம். ஆடு செவ்வரத்தை தின்று மினுமினுவென்று கொழுத்தது. மாஸ்டர் கடவுளுக்கு வைக்கப் பூவில்லாமல் கடையில் வாங்கினார். ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “உம்மடை ஆட்டைக் கட்டி வையும்” என்றார். “கட்டித்தான் ஈக்குது மாஸ்டர், கயித்தப் பாருங்க” என்றாள் றலியா. உண்மைதான், கட்டித்தான் இருந்தது.

விருந்துக்கு முதல்நாள், சனிக்கிழமை காலை, றலியா வெங்காயம் வாங்கிக்கொண்டு வந்தபோது கயிறு மட்டும் கிடந்தது. வாசலில் ஸுமைரா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“உம்மா, பிரதேச சபைலிருந்து லொறி வந்திச்சி. மாஸ்டர்தான் கூப்பிட்டு ஈக்காரு. ஆட்ட ஏத்திட்டுப் போயிட்டாங்க. மாஸ்டரும் பின்னாலயே த்ரீவீலர்ல போனாரு.”

றலியா வெங்காயப் பையைக் கீழே போட்டாள். ஆட்டிறைச்சி விற்கிற விலையில் மூன்று சஹனுக்குக் கடையில் வாங்க இவர்களால் முடியாது. நஸீப்பிடம் மறுபடி கேட்க நாக்கு எழாது. கைரியா கிள்ளிப் பார்த்துவிட்டுப் போன ஆட்டுக்குப் பதிலாகக் கோழி வைத்தால், கைரியா அந்தக் கோழியை நிறுப்பாள், பிறகு சம்பந்தத்தை நிறுப்பாள்.

“நான் போய் அந்த மனிசன்ட கண்ணுக்குள்ள வெரல விட்டு ஆட்டுறேன் பாரு.”

“உம்மா, நில்லுங்க.” ஸுமைரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “சண்ட வேணாம். பிழ எங்கட பக்கம். கயித்த நீங்கதானே நீட்டிக் கட்டினீங்க, நான் பாத்தேன். தன்மையா ஒரு மன்னிப்புக் கேளுங்க. மாஸ்டர் விட்டுருவாரு. எனக்காக, உம்மா.”

“சரி சரி, விடு” என்றாள் றலியா. கறுப்பு அபாயாவை மாட்டிக்கொண்டு, அதே ஒழுங்கை வாயிலில் இன்னொரு த்ரீவீலரைப் பிடித்தாள்.

தெருவில் பிடித்த கால்நடைகளைச் சபை அடைத்து வைக்கும் பட்டி, தகரக் கூரையும் கம்பி வேலியும் கொண்ட ஒரு சேற்று நிலம். இரண்டு பசுக்களும் ஒரு காளையும் நின்றன. ஓரத்தில், எல்லோரையும் முட்டிவிடுகிற தோரணையில், றலியாவின் கிடாய். முன்னால் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் மேற்பார்வைக்காரர் ரத்நாயக்க, பக்கத்தில் கதிரையில் நிமிர்ந்தபடி விவேகானந்தன் மாஸ்டர். வெள்ளைச் சேர்ட், குடை, நெற்றியில் திருநீறு. முப்பது வருஷம் கண்டியில் ஆங்கிலம் படிப்பித்த மனிதர் ஓய்வு பெற்றும் வகுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

“மஹத்தயா, என்ட ஆட்ட விடுங்க” என்றாள் றலியா, மாஸ்டரைப் பார்க்காமல்.

ரத்நாயக்க நல்ல மனுஷன். தெரிந்த தமிழில் சொன்னார். “நோனா, எனக்கு ஒண்ணும் இல்ல. இந்த மாஸ்டர் மஹத்தயா முறைப்பாடு வாபஸ் வாங்கினா இப்பவே கொண்டு போங்க. இல்லாட்டித் திங்கக்கிழம விசாரண. அது வரைக்கும் இங்கதான்.”

திங்கட்கிழமை. விருந்து ஞாயிற்றுக்கிழமை. றலியா இப்போது மாஸ்டர் பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டியிருந்தது. மாஸ்டர் அதற்காகத்தான் காத்திருந்தார்.

“வாரும் றலியா, இரும்” என்றார். இருக்க இன்னொரு கதிரை அங்கே இல்லை. “உம்மடை தம்பி நஸீப்புக்கு நான்தான் இங்கிலீஷ் படிப்பிச்சனான். பவுண்ட் எண்டால் என்ன எண்டு கேட்டால் அவன் ஒரு கருத்துத்தான் சொல்லுவான். காசு. அதைத் தேடித்தான் லண்டனுக்கும் போனவன். இன்னொரு கருத்து நிறை. நீர் தூளை நிறுத்து விக்கிற றாத்தல். மூண்டாவது, இடிக்கிறது. அந்தக் கருத்தை நீர் எனக்கு ஒவ்வொரு விடியப்புறமும் உலக்கையாலை படிப்பிக்கிறீர். வீட்டிலை படுத்திருக்கிற ஆக்களுக்கு நித்திரை இல்லை. நாலாவது கருத்தை இண்டைக்கு நான் உமக்குப் படிப்பிக்கிறன்.” குடையை நீட்டிக் கம்பி வேலியைக் காட்டினார். “இதுதான் பவுண்ட். ஊர் மேயிற ஆட்டை அடைக்கிற பட்டி. வடிவாப் பாத்துக்கொள்ளும்.”

ரத்நாயக்கவுக்கு விளங்கியதோ இல்லையோ, சிரித்தார். றலியாவுக்கு உச்சந்தலை கொதித்தது.

“நாளக்கி என்ட மகள்ட கலியாணம் பேசி முடிக்க ஆக்கள் வாறாங்க மாஸ்டர். இது அந்தச் சாப்பாட்டுக்கு வெச்ச ஆடு.”

“பிள்ளையின்ரை காரியம் எண்டால் சந்தோசம். நான் அவ்வளவுக்குக் கெட்டவன் இல்லை. ஒரு மன்னிப்புக் கேளும். செவ்வரத்தைக்கு ஒண்டு, உலக்கைக்கு ஒண்டு. இனி விடிய இடிக்க மாட்டன் எண்டும் சொல்லும். இந்த மஹத்தயாவுக்கு முன்னாலை சொன்னால் போதும். இந்த நிமிசமே ஆட்டைக் கொண்டு போம்.”

இவ்வளவுதான் கேட்டார். இதையே மகளும் கேட்டிருந்தாள். றலியா வாயைத் திறந்தாள். மன்னிப்பு என்ற சொல்லின் முதல் எழுத்து உதடு வரைக்கும் வந்தது. மாஸ்டர் தலையைச் சற்றுச் சாய்த்து, பிழை திருத்துகிற வாத்தியாராகக் காதைக் கொடுத்தார். அந்தச் சாய்ந்த தலையைக் கண்டதும் றலியாவுக்குள் ஏதோ ஒன்று கம்பி வேலியில் முட்டியது. இந்த மனிசனுக்கா? பொலிசைக் கூட்டி வந்தவனுக்கா? குடையால் காட்டிக் காட்டிப் பாடம் எடுக்கிறவனுக்கா?

“மாஸ்டர்” என்றாள், குரலைத் தாழ்த்தி. “நான் ஒங்களுக்குச் செல்லாத ஒன்டு ஈக்குது. இது சும்மா ஆடு இல்ல. அல்லாஹ்வுக்கு நேர்ந்த ஆடு. ஏழைகளுக்குக் குடுக்க நேர்ந்தது. அல்லாஹ் மேல சத்தியமா, இத அடச்சி வெச்சவங்கள நான் ஒன்டும் செல்ல மாட்டேன். கேக்க வேண்டியவன் கேப்பான்.”

ஒரு நொடிக்கு முன்னால் கலியாணச் சாப்பாட்டுக்கு வைத்த ஆடு என்று சொன்னவள் இவள். அந்த முரணை எந்தப் பொலிஸ்காரரும் பிடித்திருப்பார். மாஸ்டர் பிடிக்கவில்லை. அவர் முகம் வெளுத்தது. குடை கையிலிருந்து விழுந்தது. ஆறுமுகனுக்கு நேர்ந்து வளர்க்கப்பட்ட மனிதர் அவர். நேர்த்தி என்றால் என்ன, அதற்குக் குறுக்கே நின்றால் என்ன என்பதில் அவருக்குச் சைவம், இஸ்லாம் என்ற பேதம் கிடையாது.

“ஐயோ, நேர்த்தி எண்டு முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை” என்றார். அவர் அவளைப் பிள்ளை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. முறைப்பாட்டை அந்த இடத்திலேயே திருப்பி வாங்கினார். பட்டிக்குள் தானே சேற்றில் இறங்கி ஆட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து அவள் கையில் கயிற்றைக் கொடுத்தார். கொடுக்கும்போது ஆட்டின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

த்ரீவீலரில் ஆட்டை முழங்காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு ஏறிய றலியா, கண்டி வாவியைத் தாண்டும் வரை சிரித்தாள். மாஸ்டரின் மூஞ்சியையும் விழுந்த குடையையும் நினைத்து நினைத்துச் சிரித்தாள். மலையேறத் தொடங்கியபோது ஆடு ஒரு தடவை கத்தியது. சிரிப்பு நின்றது.

நேர்ந்த பொருள் எப்படிப்பட்டது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குர்ஆன் சொல்லித்தரும் ஓதல்பள்ளியில் படித்த எந்தப் பிள்ளையும் சொல்லும். நேர்ந்தவர் வீட்டில் ஒரு துண்டு வாயில் வைக்கக் கூடாது. வசதியானவர்களுக்கு விருந்து வைக்கவும் கூடாது. அவ்வளவும் ஏழைக்கு. அவள் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, சத்தியம் பண்ணி, ஏழைகளுக்கு என்று வாயால் சொல்லியிருக்கிறாள். சொன்னது பொய்யென்றால் அல்லாஹ்வின் மேல் பொய்ச் சத்தியம். மெய்யென்றால் நாளைக்கு ஆடு இல்லை. இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். மௌலவியிடம் கேட்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் அதை விட்டாள்.

ஆட்டைக் கண்டதும் ஸுமைரா ஓடி வந்தாள். “மன்னிப்புக் கேட்டீங்களா உம்மா?”

“ஓ, கேட்டேன். விட்டுட்டாரு.”

அந்தப் பிள்ளை தாயைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். “எனக்குத் தெரியும், நீங்க எனக்காகக் கேப்பீங்க என்டு” என்றாள். றலியா அவள் முகத்தைப் பார்க்காமல் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். இதைக் கெடுக்க எனக்கு மனம் வராது, அல்லாஹ்வுக்குத் தெரியாதா நாக்குத் தவறிய விஷயம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஞாயிறு விடிய, இறைச்சிக்காரர் வந்து பிஸ்மி சொல்லி அறுத்தபோது மட்டும் சமையலறைக்குள் நின்று காதைப் பொத்திக்கொண்டாள். இறைச்சி இருபது றாத்தலுக்கு மேல் தேறியது. கைரியாவின் கணக்கைச் செவ்வரத்தை தோற்கடித்துவிட்டது. அன்று விடிய உலக்கைச் சத்தம் இல்லை. நெய்ச்சோற்று வாசம் ஒழுங்கை முழுக்க ஏறியது.

நண்பகலுக்கு இரண்டு வேன்களில் வந்தார்கள். முன் ஹோலில் பாயும் வெள்ளைத் துணியும் விரித்து ஆண்கள் இருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள். கைரியா நாலு பக்கமும் பார்த்து, காலியாக இருந்த உரலைப் பார்த்து, ஸுமைராவைப் பார்த்து, கடைசியில் அடுப்படிப் பக்கம் மூக்கை நீட்டினாள். “ஆட்ட நல்லாத்தான் வளத்து ஈக்கீங்க” என்றாள். அவள் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வருவது பெருநாள் பிறை காண்பதற்குச் சமம். றலியாவுக்கு உயிர் திரும்பி வந்தது. மாப்பிள்ளை தரும் மகர், நாள், மண்டபம் எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுவதென்று ஆண்கள் பக்கத்தில் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் சஹன் முன்னால் போனது. ஸிபானின் வாப்பாவும் சாச்சாமாரும் கையைக் கழுவிச் சுற்றி இருந்தார்கள். மூடியைத் திறந்தார்கள்.

அப்போதுதான் வாசலில் மாஸ்டர் வந்து நின்றார். வேட்டி, தோளில் சால்வை, கையில் பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்று. இறக்கத்தில் தூக்கி வந்ததில் மூச்சு வாங்கியது. இந்த வாசலில் அவர் கால் வைத்து எத்தனையோ வருஷம். ஸெய்னுலாப்தீன் திகைத்துப் போய் எழுந்து நின்றார்.

“உள்ளுக்கு வாங்க மாஸ்டர்.”

“வரேல்லை. இதைக் குடுத்திட்டுப் போகத்தான் வந்தனான்.” அவர் அரிசிப் பையைச் சஹனுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார். இருந்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். “அல்லாவுக்கு நேர்ந்த ஆட்டை, தெரியாமல் நான் நேற்றுப் பட்டியிலை அடைச்சுப் போட்டன். உவ றலியா சொன்னாப் பிறகுதான் தெரியும். ஏழையளுக்கு எண்டு நேர்ந்ததாம். அந்தச் சாப்பாட்டுக்கு என்ரை பங்கா இந்த அரிசி. என்ரை மகள் மதனி இப்ப பிள்ளை வயித்தோடை மேலை படுத்த படுக்கையா இருக்கிறாள். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு தங்கினது. கண்ணூறு படும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்ரை பாவம் அவளிலை விடியக் கூடாது. வயிறாரச் சாப்பிட்டு அவளுக்காக ஒருக்கால் வேண்டிக்கொள்ளுங்கோ.”

ஸிபானின் வாப்பா சோற்றில் வைத்த கையை அப்படியே எடுத்துவிட்டார். மற்றவர்களின் கைகளும் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின.

ஸெய்னுலாப்தீன் தன் வாழ்நாளில் முதல் தடவையாக முந்திக்கொண்டார். “இல்ல, இவரு எங்கட பக்கத்து வீடு, எங்களோட கொஞ்சம் கோவம். அதுல ஏதோ…” என்று இழுத்து, திரையைப் பார்த்தார். “றலியா, செல்லுங்களேன்.”

திரையைத் தள்ளிக்கொண்டு றலியா வந்தாள். தப்பிக்க ஒரு கதவு திறந்து கிடந்தது. மாஸ்டர் பொய் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் நம்புவார்கள். உலக்கைச் சண்டை ஊரறிந்தது. சம்பந்தத்தைக் கெடுக்க வந்த எதிரி வீட்டு மனுஷன் என்றால் கைரியாவே அவரை வெளியே துரத்துவாள். இப்படிப்பட்ட ஒரு வார்த்தைக்கு றலியா ஒருநாளும் தயங்கியவள் இல்லை.

மாஸ்டர் கும்பிட்ட கையை இறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றுத் தலையைச் சாய்த்த வாத்தியார் அங்கே இல்லை. மகளுக்காகப் பயந்து போன ஒரு தகப்பன் நின்றார். அந்த வயிற்றுப் பிள்ளைக்காரியின் தலைமாட்டில்தான் ஒவ்வொரு விடியலும் ஓங்கி ஓங்கி இடித்தேன் என்பது றலியாவுக்கு உறைத்தது. அதைவிட, அல்லாஹ்வின் பெயரை ஒரு தடவை விற்றாயிற்று, இன்னொரு தடவை விற்க அவளால் முடியவில்லை.

“மாஸ்டர் செல்றது உண்மதான்” என்றாள். “நேத்துப் பட்டில வெச்சி என்ட வாயால நேர்ந்தேன். ஆட்ட மீட்க வேற வழி தெரியல்ல.”

பின்னால் திரை கிழிகிற சத்தத்தோடு விலகியது. கைரியா.

“நேர்ச்ச எறச்சியா எங்களுக்குப் போட்டீங்க?” அவள் குரல் மெல்லியதாகத்தான் இருந்தது, அதுதான் பயங்கரம். “ஸதகாச் சோறு தின்ன வந்த ஏழ மிஸ்கீன்மார் என்டு நெனச்சீங்களா எங்கள? கட்டுகஸ்தோட்டைல எங்கட வாசல்ல எத்தன பேருக்கு நாங்க குடுக்குறோம் என்டு தெரியுமா ஒங்களுக்கு? அல்லாஹ்வுக்குச் சென்னதயே ஒரு ராத்திரில மாத்துற வீட்டுல நாங்க எதப் பேசி முடிக்கிற? எழும்புங்க எல்லாரும்.”

“மாமி, கோழி ஈக்குது, பத்து நிமிஷத்துல…” என்று றலியா கையைப் பிடிக்கப் போனாள். தன்னைவிட நாலு வயது இளையவளை மாமி என்று அழைத்தது அவளுக்கே தெரியவில்லை. கைரியா கையை உதறினாள். “ஒங்கட வாயப் பத்தி ரெண்டு வீட்டுல சென்னாங்க. நான்தான் கேக்கல்ல. என்ட மகன்ட பேச்சக் கேட்டு வந்தேன் பாருங்க, எனக்கு வேணும்.”

ஸிபானின் வாப்பா போகும்போது ஸெய்னுலாப்தீனிடம் ஸலாம் சொன்னார். மற்றவர்கள் அதுவும் சொல்லவில்லை. வேன்கள் இரண்டும் வளைவில் ஏறிப் போயின. முற்றத்தில் மாஸ்டர் மட்டும் சால்வையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“நான் என்ன பிழையாச் சொன்னன்?” என்று கேட்டார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

ஸெய்னுலாப்தீன் உள்ளே போய் ஒரு மூலையில் உட்கார்ந்தார். “நீங்க போங்க மாஸ்டர், பிள்ளயப் பாருங்க” என்றாள் றலியா. அவர் குனிந்த தலையோடு படியேறிப் போனார்.

ஸுமைரா பட்டுச் சல்வாரோடு அடுப்படியில் நின்றாள். அழவில்லை. திறந்த சஹனைக் கொண்டுவந்து, ஒரு பருக்கை சிந்தாமல் சோற்றைப் பெரிய சட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலுக்கு அனுப்பி ஏழைகளுக்குப் பகிர்வதற்கு. ஃபோன் அம்மிக்கல்லின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

“மன்னிப்புக் கேட்டேன் என்டு சென்னீங்களே உம்மா” என்றாள் திரும்பாமல். “கேக்கல்லயா?”

றலியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “இல்ல.”

“ஒரு சொல்லு. எனக்காக ஒரே ஒரு சொல்லு. அது ஒங்களுக்கு ஏலாமப் போச்சி.” ஸுமைரா சட்டியின் மூடியைப் போட்டாள். “நீங்க ஆட்ட நேரல்ல உம்மா. என்னத்தான் நேர்ந்தீங்க.”

கையைக் கழுவிக்கொண்டு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். றலியா கதவுக்கு வெளியே நின்று “மகளே” என்றாள். மன்னிப்பு என்ற சொல் இந்தத் தடவையும் உதடு வரைக்கும்தான் வந்தது.